சகோதரியின் இருக்கை

மதம் மனிதனைப் பண்படுத்துகின்றதா, அன்றிப் பண்படாத மனிதன் மதத்தைத் தன் கைக்கருவியாக்கிக் கொள்கின்றானா என்னும் வினா மிகப் பழையது. வெறும் வாதங்களால் இதற்கு முடிவு காண்டல் அரிது. ஒரு மதம் ஒரு சமூகத்திற்குள் புகுந்த நாளும், அது புகுந்தபின் அச்சமூகத்தின் குடும்ப வாழ்வில் நேர்ந்த மாறுதலும் தெளிவுறத் தெரிந்திருப்பின், வரலாறே ஒருவாறு விடை பகரும். அத்தகைய வரலாறு உடையவர் பசிபிக் மாகடல் தீவினரான சமோவர்.

சமோவர் இன்று தம் தீவுகளில் மட்டும் வாழ்பவரல்லர். 2018-ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி நியூசீலந்தில் தம்மைச் சமோவர் எனக் குறித்துக்கொண்டோர் 182,721 பேர். சுதந்திர சமோவாவின் மொத்த மக்கள்தொகையே ஏறக்குறைய இரண்டு லட்சந்தான். ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ளோரையும் சேர்த்தால், தாய்நாட்டில் இருப்போரினும் கடல் கடந்து வாழ்வோரே மிகுதியாவர். இவர்கள் சென்ற இடமெல்லாம் தேவாலயம் எழுப்பினர். ஞாயிறு தவறாது தொழுதனர். மாலைதோறும் வீட்டிலுள்ளோர் கூடிப் பிரார்த்தித்தனர். இத்துணைப் பக்தியுடைய இல்லங்களில் மனைவியின்மீதும் மக்கள்மீதும் கை ஓங்கப்படுவானேன்? இவ்வினாவை எழுப்புவோர் வெளியாரல்லர். சமோவரின் போதகரும், பெண்ணறிஞரும், அரசு அலுவலருமே இதனை வெளிப்படையாக எழுப்பியுள்ளனர். அவர்கள் காட்டிய வழியே நாமும் சென்று காண்போம்.

சமாதானத் தூதன்

1830-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சவாயீ தீவின் கரையை ஒரு கப்பல் அடைந்தது. ஜான் வில்லியம்ஸ் என்னும் பாதிரியார் ரரோதொங்கா தீவில் தம் கையாலேயே கட்டிய கப்பல் அது. அதற்கு அவர் இட்ட பெயர் 'சமாதானத் தூதன்'. அவரை அனுப்பியது லண்டன் மிஷனரி சங்கம். நாகர்கோவிலில் பள்ளியும் அச்சுக்கூடமும் கண்ட அதே சங்கமாதலின், நம்மவருக்கும் அப்பெயர் புதிதன்று.

கப்பல் வந்த காலத்தில் தீவில் போர் மூண்டிருந்தது. எரியும் ஊர்களின் புகையைக் கப்பலிலிருந்தே கண்டனர். தன்னைத் தெய்வமென்று கூறிக்கொண்டு கொடுங்கோல் செலுத்திய தமாஃபாயிங்கா என்பவன் சின்னாட்களுக்கு முன்னரே கொல்லப்பட்டிருந்தான். அவனுக்காகப் பழிவாங்கும் போரே அது. போரில் மேலோங்கி நின்ற மாலியேதோவா என்னும் தலைவர் வில்லியம்ஸை வரவேற்றார். அவருடைய ஆட்சிக்குத் தலைமை வானத்திலிருந்து வரும் என்று நஃபானுவா என்னும் போர்த் தெய்வம் முன்னரே உரைத்திருந்ததாக மக்கள் நம்பினர். வந்தது அதுவே என்று கொண்டனர். எனவே புது மதம் வாளால் நுழையவில்லை. வெள்ளையர் ஆட்சியின் துணையும் அப்பொழுது அதற்கு இல்லை. சமோவர் தாமே வாயில் திறந்து ஏற்றனர். வில்லியம்ஸ் விட்டுச்சென்ற எட்டு உபதேசியாரும் கிழக்குத் தீவுகளைச் சேர்ந்த பாலினீசியரே.

பின்னர் 1844-இல் மாலுவா என்னும் இடத்தில் போதகர்களைப் பயிற்றும் கல்லூரி அமைந்தது. 1855-இல் பைபிள் முழுவதும் சமோவ மொழியில் அச்சேறியது. ஊர்தோறும் ஒரு போதகர் அமர்ந்தார். அவர் பெரும்பாலும் சமோவரே. எழுத்தறிவு விரைந்து பரவியது. இவை மறுக்கவியலாத நன்மைகள். ஆயினும் நம் வினாவிற்கு விடை இருக்குமிடம் போதகர் ஊரில் பெற்ற இருக்கையில் உள்ளது.

உடன்படிக்கை

சமோவரின் குடும்பம் கணவன், மனைவி, மக்கள் என்னும் சிறு வட்டமன்று. 'ஆயிங்கா' என்பது பல தலைமுறை கிளைத்த பெருங்குடும்பம். அதன் தலைவன் 'மாத்தாய்' எனப்படுவான். இப்பெருங்குடும்பத்தின் நடுநரம்பாக நின்றது சகோதரனுக்கும் சகோதரிக்கும் இடையிலுள்ள உறவு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'ஃபெயங்காயிங்கா'. உடன்படிக்கை என்பது அதன் பொருள்.

இவ்வுடன்படிக்கையின்படி சகோதரன் சகோதரியைக் காத்தலும், அவளுக்குப் பணி செய்தலும், அவள்முன் இழிசொல் கூறாமையும் கடன். அவளுடைய சாபத்திற்கு அவன் அஞ்சுவான். குடும்பத்தில் பிணக்கு மூளின் அதனை ஆற்றி இணக்கம் காண்பது அவளுடைய கடன். குடும்பத்தின் பட்டத்தை யாருக்குத் தருவது என்று கூடிப் பேசுங்கால் அவள் வழியினரின் சொல்லுக்குத் தனி மதிப்பு உண்டு. அவள் பெயரே உடன்படிக்கை என்று வழங்கியது. அஃதாவது, பெண்ணொருத்தியே அக்குடும்பத்தின் சத்தியமாக வாழ்ந்தாள்.

ஆனால் இக்காலத்தைப் பொற்காலமாகப் பாடுதல் பிழை. சகோதரிக்கு இருந்த இச்சிறப்பு மனைவிக்கு இல்லை. மணந்து கணவன் ஊருக்குச் சென்றவள் அங்கு வேற்றாளாகவே கருதப்பட்டாள். பணிவிடைகள் அவள்மீது விழுந்தன. அவளுக்கு அரணாக இருந்தது அவளுடைய பிறந்தகமே. துன்பம் பொறுக்கலாகாதாயின் அவள் தன் சகோதரரிடம் திரும்பலாம். அங்கே அவள் மீண்டும் உடன்படிக்கையின் மகளாவாள். ஆகவே பழைய ஏற்பாட்டில் பெண்ணுக்கு ஒரு வீட்டில் தாழ்வும் மற்றொரு வீட்டில் உயர்வும் இருந்தன. உயர்வு அவளைக் காத்தது.

புது மதம் வந்தபின் நேர்ந்ததைச் சமோவ வரலாற்றறிஞர் பலர் நுணுகி ஆய்ந்துள்ளனர். ஊரார் தம் போதகருக்கு உயர்ந்ததோர் இடம் அளிக்க விரும்பினர். தம் மொழியில் இருந்தவற்றுள் உயர்ந்த பெயரைத் தேர்ந்தனர். அப்பெயர் ஃபெயங்காயிங்கா. சகோதரிக்கு உரிய பெயரால் போதகரை அழைத்தனர். சகோதரிக்குச் செய்த மரியாதையை அவருக்குச் செய்தனர். வீடும் உணவும் காணிக்கையும் ஊரே அளித்தது. கடவுளுக்கும் ஊருக்கும் இடையிலுள்ள உடன்படிக்கை அவரே என்றாயிற்று.

அதே வேளையில் மிஷனரிமார் மற்றொரு படத்தையும் மக்கள்முன் வைத்தனர். தலைவனாகிய கணவன், அவனுக்கு அடங்கி இல்லம் பேணும் மனைவி, அவர்தம் மக்கள் என்னும் விக்டோரியா காலத்து ஆங்கிலக் குடும்பமே அப்படம். போதகரின் மனைவி அதற்கு மாதிரியாக விளங்கினாள். ஊர் மகளிர், அஃதாவது ஊரில் பிறந்த சகோதரியர், கூடி வாழ்ந்த மன்றத்தையும் அவர்தம் இரவுக் கூத்துகளையும் மிஷனரிமார் விரும்பவில்லை. மெல்ல மெல்லச் சகோதரி பின்னுக்குச் சென்றாள். மனைவி முன்னுக்கு வந்தாள். ஆனால் சகோதரியின் மதிப்பு மனைவிக்கு மாற்றப்படவில்லை. அம்மதிப்பு ஏற்கெனவே போதகரின் இல்லத்திற்குப் போய்விட்டது. மனைவிக்குக் கிடைத்தது அடக்கம் பற்றிய உபதேசமே.

அவ்வுபதேசமும் பாதியாகவே வந்தது. மனைவி கணவனுக்கு அடங்க வேண்டும் எனப் பவுலின் நிருபத்தில் காணும் பகுதியைப் பல கணவர் மனப்பாடமாக அறிவர். அதனை அடுத்தே, கணவன் தன் உடலைப் பேணுவதுபோல மனைவியைப் பேணி, அவள் பொருட்டுத் தன்னையே அளிக்கவும் வேண்டும் என்று வரும் பகுதி அவர்தம் நினைவிற்கு அத்துணை எளிதில் வருவதில்லை. நூலின் குற்றம் எவ்வளவு, படிப்போன் குற்றம் எவ்வளவு என்று பிரித்துக் காண விரும்புவோர் இவ்விடத்தை ஊன்றி நோக்குக.

கோலும் ஈர்க்குமாறும்

மனைவிக்கு அடுத்து மக்கள். ஊர்ப் போதகரின் பள்ளியில் குழந்தைகள் எழுத்துக் கற்றனர். கையில் அடியும் பெற்றனர். பிள்ளையைத் திருத்தக் கோலைக் கையாள வேண்டும் என்னும் சாலமோனின் பழமொழி அங்கும் இல்லத்திலும் ஓயாது எடுத்தோதப்பட்டது. வீட்டில் கோலின் இடத்தை ஈர்க்குமாறு பெற்றது. தென்னை வளரும் நாட்டில் அதற்குப் பஞ்சமில்லை.

சமோவரிடமே இதற்கு மாறானதோர் ஆன்றோர் மொழி உண்டு. பறவையின் குஞ்சு மலரை உண்டு வளரும், மனிதரின் பிள்ளையோ சொல்லை உண்டு வளரும் என்பது அதன் கருத்து. பிள்ளைக்கு உணவு சொல்லே என்று அறிந்த ஓர் இனம் கோலையும் வேதவாக்காகக் கொண்டதே என்று வியக்கலாம். ஆயினும் கோல் சமோவருக்கே உரியதன்று. அக்காலத்து ஆங்கிலப் பள்ளிகளிலும் பிரம்பே ஆட்சி செய்தது. நியூசீலந்தின் பள்ளிகளில் அடித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டது 1990-இல்தான். பெற்றோர் திருத்துவதற்காக அளவோடு பலம் பயன்படுத்தலாம் என்னும் சட்டப் பாதுகாப்பு அந்நாட்டில் 2007 வரை நின்றது. ஆகவே, சமோவத் தந்தை கப்பலேறி நியூசீலந்து வந்தபொழுது, அவன் கையிலிருந்த கோலை அந்நாட்டுச் சட்டம் பிடுங்கவில்லை, தடவிக் கொடுத்தது.

கடல் கடந்த ஊர்

சமோவா 1900-இல் ஜெர்மானியர் கைப்பட்டது. 1914-இல் நியூசீலந்துப் படை அதனைக் கைப்பற்றியது. 1918 நவம்பரில் தலூன் என்னும் கப்பல் கொணர்ந்த நச்சுக் காய்ச்சல் மேற்குச் சமோவ மக்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரைக் கொன்றது. நியூசீலந்து அதிகாரிகளின் அசட்டையே அதற்குக் காரணம். 1962 சனவரி முதல் நாள் நாடு விடுதலை பெற்றது. இதற்கிடையில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூசீலந்தில் தொழிற்சாலைகள் பெருகின. கூலிக்கு ஆள் தேவைப்பட்டது. தீவினர் ஆக்லாந்து நகருக்குத் திரள் திரளாக வந்தனர்.

வந்தவர் முதலில் தேடியது தொழுமிடம். 1947-இல் ஆக்லாந்தின் நியூட்டன் பகுதியில் தீவினருக்கெனச் சபையொன்று அமைந்தது. 1960-களில் சமோவர் தம் தாய்ச்சபையின் கிளையைத் தனியே நிறுவினர். அச்சபையே வந்தவனுக்கு வேலை தேடித் தந்தது, வீடு பார்த்துக் கொடுத்தது, மொழியைக் காத்தது, சாவிற்கும் மணத்திற்கும் துணை நின்றது. 1974 முதல் 1976 வரை, விடியற்காலையில் போலீசார் தீவினர் வீடுகளுள் புகுந்து அனுமதிக் காலம் கடந்தோரைத் தேடிய கொடுமையின்போது, அவர்களுக்கு அச்சமின்றித் தலைநிமிர இடமளித்தது தேவாலயமே. ஊர் என்று ஒன்று இல்லாத நாட்டில் சபையே ஊராயிற்று.

சபை ஊரானபொழுது ஊரின் சுமையும் உடன் வந்தது. காணிக்கை கொடுத்தோர் பெயரையும் தொகையையும் சபையில் உரக்கப் படிக்கும் வழக்கம் பலவிடத்தில் உண்டு. ஆலைக் கூலியில் வாடகை போக, தாயகத்திற்கு அனுப்புவது போக, உறவினரின் மணத்திற்கும் இழவிற்கும் கொடுப்பது போக, எஞ்சியதில் காணிக்கை. பெயர் குன்றலாகாது என்னும் கவலை இரவில் இல்லத்திற்குள் புகுந்து பூசலாக முடிதலைச் சமூக ஊழியர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர். வறுமை அடிக்குக் காரணம் என்று கூறிக் கைகழுவுதல் ஆகாது. வறியோர் எல்லாரும் அடிப்பதில்லை. எனினும் சுமையை ஏற்றுபவர் அதன் பயனை அறியாதிருத்தலும் ஆகாது.

மற்றொரு மாறுதலும் நேர்ந்தது. சமோவ நாட்டின் பழைய வீட்டிற்குச் சுவரில்லை. வட்டமாக நிற்கும் தூண்கள், மேலே கூரை, மழைக்கும் காற்றுக்கும் இறக்கிவிடத் தென்னங்கீற்றுத் தட்டி, இவ்வளவே. வீட்டில் நடப்பதைத் தெரு காணும், கேட்கும். அவ்வீட்டில் அடி விழவில்லை என்பதன்று. விழுந்ததை அறிந்தோர் இருந்தனர், எழுந்து வரச் சகோதரர் இருந்தனர். ஆக்லாந்தின் வீட்டிற்கோ சுவருண்டு, கதவுண்டு, தாழுண்டு. சகோதரர் 1,800 மைலுக்கு அப்பால். மனைவிக்கு எஞ்சியிருந்த ஒரே வாயில் சபையின் வாயிலே.

அவ்வாயிலில் கிடைத்தது என்ன?

அங்கே அவள் சென்றாள். சில போதகர் அவளைக் காத்தனர். மருத்துவமனைக்கும் புகலிடத்திற்கும் தாமே அழைத்துச் சென்றனர். ஆனால் பலவிடத்தில் அவள் கேட்ட சொற்கள் வேறு: பொறுமையாக இரு, பிரார்த்தனை செய், மன்னித்துவிடு, குடும்பத்தின் பெயரைத் தெருவில் விடாதே. இவை கெட்ட சொற்களல்ல. மன்னிப்பு உயர்ந்த அறமே. அடித்தவன் திருந்துமுன்னர் அடிபட்டவளிடம் அதனைக் கேட்பதே அநீதி.

சமோவரிடம் மன்னிப்பிற்கு மிக உயர்ந்ததொரு சடங்கு உண்டு. 'இஃபோங்கா' என்பது அதன் பெயர். குற்றம் இழைத்தவனும் அவன் குடும்பத்தாரும் நுண்ணிய பாய் ஒன்றால் தலையை மூடி, துன்புற்றவர் வீட்டின்முன் சென்று தலைதாழ்த்தி அமர்வர். உள்ளிருப்போர் வெளிவந்து பாயை நீக்கினால் மன்னித்தனர் என்பது பொருள். நீக்கும்வரை காத்திருத்தல் வேண்டும். 2021 ஆகஸ்டு முதல் நாள், பழைய விடியற்காலைச் சோதனைகளுக்காக நியூசீலந்துப் பிரதமராயிருந்த ஜெசிந்தா ஆர்டர்ன் ஆக்லாந்து நகர மண்டபத்தில் அப்பாயின்கீழ் அமர்ந்து மன்னிப்புக் கேட்டார். ஓர் அரசையே தலைதாழ்த்தச் செய்த சடங்கு அது. ஆனால் இது குடும்பத்திற்கும் குடும்பத்திற்கும் இடையே நிகழ்வது. அடித்தவனும் அடிபட்டவளும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், எவர் எவருடைய வாயிலில் அமர்வது? பாயின்றி, தாழ்ந்த தலையின்றி, காத்திருத்தலின்றி மன்னிப்பு மட்டும் அவளிடம் கேட்கப்படுகின்றது.

இத்துன்பத்தின் அளவை ஒருவாறு அறியத் தாய்நாட்டின் கணக்கைக் காண்போம். குடியேறினோர் உடன் கொணர்ந்தது அவ்வழக்கமே. உலகச் சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய ஆராய்ச்சியின் முடிவுகள் 2005-இல் வெளிவந்தன. சமோவாவில், கணவனோடு வாழ்ந்த பெண்களுள் 100-க்கு 46 பேர் அவனால் உடல்வழியோ பாலியல்வழியோ கொடுமை உற்றவர். கணவனல்லாதார் கையால், 15 வயதிற்குப் பின் அடிபட்டவர் 100-க்கு 62 பேர். அடித்தோருள் தந்தையரும், குடும்பத்துப் பெண்டிரும், ஆசிரியரும் அடங்குவர். மணந்தபின் கணவனிடம் பெண் காணும் கை அவளுக்குப் புதிதன்று; பிறந்தகத்திலேயே அவள் அதனைக் கண்டிருக்கின்றாள். மனைவியையும் மக்களையும் தனித்தனியே வைத்து ஆராய்தல் பயன்படாது என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது.

சமோவரைச் சுட்டிப் பிறர் விரல் நீட்டவும் இடமில்லை. அதே முறையைப் பின்பற்றி ஆக்லாந்தில் எல்லா இனப் பெண்களிடமும் கேட்டறிந்து 2004-இல் வெளியிட்ட கணக்கு 100-க்கு 33 என்றது. நாகரிகம் முதிர்ந்ததாகக் கூறிக்கொள்ளும் நகரத்தின் நிலை அது.

உள்ளிருந்து எழுந்த குரல்

இனி நம்பிக்கைக்கு உரியதைக் கூறுவோம். 2005-இல், நியூசீலந்தில் பணியாற்றிய நோவே வைலாவு என்னும் சமோவப் போதகர் குழந்தைகளின் இறையியல் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட்டார். கோல் பற்றிய பழமொழியை, குழந்தைகளை அருகழைத்த இயேசுவின் வாழ்வைக் கொண்டே படிக்க வேண்டும் என்பது அவர் வாதம். 2007-இல் பெற்றோரின் கோலுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பை நியூசீலந்துப் பாராளுமன்றம் நீக்கியது. 2009-இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் 100-க்கு 87 பேர் பெற்றோர் அடிப்பதைக் குற்றமாக்குதற்கு எதிராக வாக்களித்தனர். ஆயினும் சட்டம் நின்றது. கோலின்மீது பற்று வைத்தோர் தீவினர் மட்டுமல்லர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

2012-இல் நியூசீலந்து அரசின் ஆதரவில் தீவின மக்கள் தாமே குடும்ப வன்முறையைத் தடுக்கும் நெறிமுறைகளை வகுத்தனர். சமோவர் தம் நெறிக்கு அடிப்படையாகக் கொண்டது 'வா தப்புயியா' என்னும் கருத்து. மனிதருக்கும் மனிதருக்கும் இடையே உள்ள புனித இடைவெளி என அதனைக் கூறலாம். அடித்தல் அவ்விடைவெளியை மீறுதல்; ஆகவே அது பண்பாட்டிற்கே பகை என்று உரைத்தனர். பண்பாட்டின் பெயரால் அடிப்பவனுக்குப் பண்பாட்டின் பெயராலேயே மறுப்புக் கிடைத்தது.

தாய்நாட்டிலும் 2013-இல் குடும்பப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 2017-இல் அரசியல் சட்டத்தின் முதற்பிரிவைத் திருத்திச் சமோவா ஒரு கிறித்தவ நாடு என்று பொறித்தனர். அதற்கு மறு ஆண்டே அந்நாட்டு மக்கள் குறைதீர்ப்பாளர் தம் விசாரணை அறிக்கையை வெளியிட்டு, குடும்ப வன்முறை அங்கே கொள்ளைநோயாகப் பரவியுள்ளது என்று எச்சரித்தார். இவ்விரு ஏடுகளையும் அருகருகே வைத்துப் படித்தல் வேண்டும். மெர்சி ஆ சியூ-மாலிகோ போன்ற சமோவப் பெண் இறையியலாரும் சபை இதில் வாய்மூடி இருத்தலாகாது என்று எழுதி வருகின்றனர். அவர்கள் மதத்தை விட்டு வெளியேறிப் பேசவில்லை. மதத்தின் நடுவில் நின்றே கேட்கின்றனர்.

முடிவுரை

தொடக்கத்து வினாவிற்கு வருவோம். சமோவ இல்லத்தின் அடியை மதம் கண்டுபிடிக்கவில்லை. பழைய வழக்கம் மட்டும் அதனை வளர்க்கவுமில்லை. பழைய ஏற்பாட்டில் பெண்ணுக்கு அரணாயிருந்த மதிப்பு அவளிடமிருந்து போதகரின் இருக்கைக்கு மாறியது; கடல் கடந்த பின் அவளுடைய மற்ற அரண்களும் அகன்றன. எஞ்சியது அவ்விருக்கை ஒன்றே. ஆதலின் அவ்விருக்கையில் அமர்ந்தோரின் பொறுப்புப் பன்மடங்கு ஆயிற்று.

சகோதரியின் பெயரையும் மரியாதையையும் ஏற்றவர், அவளுடைய கடமையையும் ஏற்றாக வேண்டும். பிணக்கை ஆற்றுதல் அவள் கடன் என்று மேலே கண்டோம். உண்மையை மூடி அமைதி காட்டுதல் பிணக்கை ஆற்றுதல் ஆகாது. காணிக்கைப் பட்டியலை உரக்கப் படிக்கும் குரல், வீட்டில் கை ஓங்குதல் பாவம் என்பதையும் அதே குரலில் படிக்கட்டும்.

அக்டோபர் மாதத்து இரண்டாம் ஞாயிறன்று சமோவர் எங்கிருப்பினும் குழந்தைகளின் திருநாளைக் கொண்டாடுவர். பிள்ளைகள் வெண்ணிற ஆடை உடுத்துச் சபையின்முன் நின்று மறைமொழிகளை ஒப்பிப்பர். வீடு திரும்பியதும் பெற்றோர் பரிமாற, பிள்ளைகள் முதலில் உண்பர். அந்த ஒரு நாளில் எவரும் எவரையும் வற்புறுத்தி அடக்குவதில்லை. பெரியோர் சிறியோர்க்குப் பணி செய்வதால் பெரியோரின் பெருமை குன்றுவதுமில்லை. அச்சமூகத்திற்கு அன்பின் வழி தெரியாமலில்லை. ஆண்டில் ஒரு நாள் நடப்பதை மற்ற நாட்களிலும் நடத்துவதே அவர்முன் உள்ள வேலை.

பிற சமூகத்தின் வரலாற்றைப் படிப்பது அவர்தம் குறையை எண்ணிக் களிப்பதற்கன்று. எந்தச் சமூகத்தினராயினும், தாம் போற்றும் இருக்கைகளில் அமர்ந்திருப்போர் யார் என்பதோடு, அவ்விருக்கைகள் யாரிடமிருந்து பெறப்பட்டன என்பதையும், எழுப்பப்பட்டவர் இன்று எங்கே நிற்கின்றனர் என்பதையும் கேட்பாராக.